வினா வழுவும் விடை வழுவும்

சென்ற ஆண்டு எங்கள் கழகத்தின் பரிசளிப்பு விழாவிற்கு முந்திய இரவு. வெற்றியாளர்களின் பெயர்களைப் பதிவுப் பட்டியலில் தேடிப் பார்த்துச் சான்றிதழ் அச்சிடும் பணி என்னிடம் தரப்பட்டிருந்தது. பட்டியலில் பெயர் இருந்தால் அவர் விழாவிற்கு வருகிறார், அச்சிட வேண்டும். இல்லையென்றால் வரவில்லை. மணி இரண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. 'ஸ்ரீ' என்று தொடங்கும் மூன்று பெயர்களைத் தட்டித் தேடினேன். மூன்றுக்கும் 'இல்லை' என்றே பதில் வந்தது. வரவில்லை போலும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் மாலை அந்த மூவரும் வந்திருந்தார்கள். மேடையில் அவர்களுக்கு வெறும் உறைதான் கொடுக்க முடிந்தது. அவர்களுள் முதலாம் ஆண்டு மாணவி ஒருவரின் தாயார் சுங்கை சிப்புட்டிலிருந்து பேருந்து ஏறி வந்திருந்தார். விழா முடிந்ததும் என்னிடம் வந்து, "ஏன் தம்பி, எங்க பிள்ள பேரு மட்டும் விட்டுப் போச்சா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

அறைக்குத் திரும்பிப் பட்டியலைத் திறந்தேன். மூன்று பெயர்களும் கண்ணெதிரே இருந்தன. மீண்டும் தேடினேன். மீண்டும் 'இல்லை' என்றது கணினி.

நான் பயன்படுத்தியது ஒரு திறமூல மென்பொருள். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம், அதன் மூல நிரலைப் படிக்கலாம், திருத்தலாம். அதன் பெயர் இங்குத் தேவையில்லை. அதில் காணும் குறைகளைத் தெரிவிப்பதற்கென்று ஒரு பொதுப் பதிவேடு உண்டு. அன்றிரவே அதில் ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "உங்கள் மென்பொருளில் தமிழ் வேலை செய்யவில்லை. இவ்வளவு பெரிய குறையை ஒருவரும் கவனிக்கவில்லையா? உடனே சரிசெய்யுங்கள்."

இரண்டு நாளில் பதில் வந்தது. எந்தப் பதிப்பு? எந்த இயங்குதளம்? எந்தச் சொல்லைத் தேடினீர்கள்? சிக்கல் தெரியும்படி ஒரு சிறிய கோப்பை இணைக்க முடியுமா? நான்கே கேள்விகள். ஒரு வருத்தச் சொல்கூட இல்லையே என்று எனக்கு மேலும் ஆத்திரம். "குறை உங்களுடையது, வேலை எனக்கா?" என்று திருப்பி எழுதினேன். அதன்பின் அங்கிருந்து சத்தமே இல்லை. ஒரு மாதம் கழித்து, 'போதிய தகவல் இல்லை' என்ற குறிப்போடு என் அறிக்கை மூடப்பட்டது.

மூடப்பட்ட அந்த அறிக்கையில் யார் பிழை எவ்வளவு? பல நாள் யோசித்த பிறகு எனக்குத் தோன்றியவற்றை இங்கு எழுதுகிறேன்.

வழு என்னும் சொல்

பேச்சுவழக்கில் 'பக்' என்று நாம் சொல்வதைக் கணினித் தமிழில் 'வழு' என்கிறார்கள். பொருத்தமான சொல். நம் இலக்கணத்திலிருந்து எடுத்தது. பிழையின்றி அமைவது வழாநிலை. பிழைபட அமைவது வழு. பிழையே ஆனாலும் ஒரு காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. நன்னூல் வழுவை ஏழாகப் பிரிக்கிறது: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. கேட்கும் முறையில் கேட்காதது வினா வழு. பேருந்து எத்தனை மணிக்கு என்று கேட்டவரிடம் மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வது விடை வழு.

வழு அறிக்கை என்பது அடிப்படையில் ஒரு வினா. பராமரிப்பாளர் அதற்குத் தருவது விடை. மென்பொருளில் ஒரு வழு இருக்கிறது என்பது உண்மை. ஆனால், அதைச் சொல்லும் வினாவிலும் வழு இருக்கலாம். கிடைக்கும் விடையிலும் வழு இருக்கலாம். பல நேரங்களில் முதல் வழு தீராமலே கிடப்பதற்குப் பின்னிரண்டும்தான் காரணம் என்பது என் கருத்து.

தண்ணீர்ப் பந்தல்

தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போனவர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. யாரோ ஒரு குடும்பமோ நண்பர் குழுவோ விடுப்பு எடுத்துக்கொண்டு, கைக்காசு போட்டு, வெயிலில் நின்று மோரும் பானகமும் கொடுக்கிறது. மோரில் உப்புக் குறைவு என்றால் எப்படிச் சொல்வோம்? "அண்ணே, இந்தப் பானையில் உப்புப் போட மறந்துட்டீங்க போல" என்போம். "என்ன மோர் இது, யார் போட்டது?" என்று யாரும் கத்துவதில்லை. அதே சமயம், மோர் கெட்டிருந்தால் இலவசம்தானே என்று சொல்லாமல் போவதும் சரியன்று. பின்னால் வரும் ஆயிரம் பேர் குடிக்கப் போகும் மோர் அது.

திறமூல மென்பொருளும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. பெரிய திட்டங்களில் ஊதியம் பெறும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஆனால், அவர்கள் நம்பியிருக்கும் எத்தனையோ சிறு நிரல்களை ஓரிருவர் வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு, ஊதியமின்றிப் பராமரிக்கிறார்கள். வாங்கிய பொருளில் குறை என்றால் கடைக்காரரிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு. இங்கு நாம் வாடிக்கையாளர் இல்லை. பந்தலில் நிற்கும் இன்னொரு கை. ஆகவே, குறையைச் சொல்வதும் அந்தப் பணியில் ஒரு பகுதிதான். வழு அறிக்கையைப் புகார்க் கடிதமாக எண்ணி எழுதியதே என் முதல் தவறு.

வினா வழு

என் ஆத்திரத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தவர் எங்கள் கழகத்தின் முன்னாள் மாணவர் ஒருவர். இப்போது பினாங்கில் மென்பொருள் பொறியாளராக இருக்கிறார். "கிளினிக்கிற்குப் போய் டாக்டரிடம் 'உடம்பு சரியில்லை, உடனே சரிசெய்யுங்கள்' என்று மட்டும் சொல்வாயா தம்பி? எங்கே வலி, எப்போதிலிருந்து, என்ன சாப்பிட்டாய் என்று அவர் கேட்டால் கோபித்துக்கொள்வாயா?" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

'புட்டி' என்னும் புகழ்பெற்ற மென்பொருளை எழுதிய சைமன் டாத்தம், வழுக்களைப் பயனுள்ள முறையில் தெரிவிப்பது பற்றி 1999இல் ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம் எளிமையானது. நிரல் தவறுவதை நிரலாளர் தம் கண்ணால் பார்க்கும்படி செய்ய வேண்டும். அதுவே அறிக்கையின் நோக்கம். அவர் நம் அறையில் இல்லை. நம் திரை அவருக்குத் தெரியாது. ஆகவே, அவர் தம் கணினியில் அதே தவற்றை வரவழைத்துப் பார்க்கத் தேவையானதை நாம் கொடுக்க வேண்டும்.

அப்படியானால் நல்ல அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும்? மென்பொருளின் பதிப்பு எண்ணும் இயங்குதளமும் முதலில் வர வேண்டும். பிறகு, படிப்படியாக என்ன செய்தோம் என்பது: இந்தக் கோப்பைத் திறந்தேன், இந்தச் சொல்லைத் தேடினேன், இந்தப் பொத்தானை அழுத்தினேன். அடுத்து, என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தோம், உண்மையில் என்ன நடந்தது என்பவை தனித்தனியே. 140 பேர் கொண்ட பட்டியலை அனுப்புவதைவிட, சிக்கல் தெரியும் ஒரே ஒரு பெயர் கொண்ட கோப்பை அனுப்புவது மேல். பட்டியலில் மற்றவர்களுடைய அடையாள அட்டை எண்ணும் கைப்பேசி எண்ணும் இருக்கலாம்; பொதுப் பதிவேட்டில் அவற்றைப் போடுவது பெரும் தவறு.

எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியதும் உண்டு. அதே வழுவை வேறொருவர் முன்பே சொல்லியிருக்கிறாரா என்று தேட வேண்டும். சொல்லியிருந்தால், அங்கே புதிய தகவலைச் சேர்க்கலாம். 'எனக்கும் இதே சிக்கல்' என்று மட்டும் எழுதினால், அந்தப் பதிவைப் பின்தொடரும் அத்தனை பேருக்கும் ஒரு மின்னஞ்சல் போவதைத் தவிர வேறு பயன் இல்லை. ஓர் அறிக்கையில் ஒரு வழுவை மட்டும் சொல்ல வேண்டும். ஐந்தைச் சேர்த்துச் சொன்னால், மூன்றைத் திருத்திய பிறகு அந்த அறிக்கையை மூடுவதா வைத்திருப்பதா என்று யாருக்கும் தெரியாது. பிறர் கணினிக்குள் புக வழிவிடும் பாதுகாப்பு வழு என்றால் பொதுவில் எழுதவே கூடாது. அதற்கெனத் திட்டங்கள் வைத்திருக்கும் தனி முகவரிக்கு அனுப்ப வேண்டும்.

இன்று இன்னொரு புதிய வினா வழு சேர்ந்திருக்கிறது. இணையவழித் தரவு அனுப்பப் பயன்படும் 'கர்ல்' என்னும் நிரலைப் பராமரிப்பவர் சுவீடனைச் சேர்ந்த டேனியல் ஸ்டென்பெர்க். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதப்பட்ட, இல்லாத வழுக்களைப் பற்றிய அறிக்கைகள் தமக்கு வருவதாக அவர் 2024இல் வெளிப்படையாக எழுதினார். அழகான ஆங்கிலம், ஒழுங்கான தலைப்புகள், ஆனால் உள்ளே உண்மை இல்லை. ஒவ்வொன்றையும் பொய் என்று உறுதிசெய்ய ஒரு மனிதர் நேரம் செலவிட வேண்டியிருக்கிறது. நம் ஆங்கிலத்தைத் திருத்திக்கொள்ள அக்கருவியை நாடலாம். நாம் கண்ணால் காணாத வழுவை அது சொன்னதென்று அனுப்புவது, பந்தலில் நிற்பவரின் நேரத்தைத் திருடுவதாகும்.

விடை வழு

இதுவரை சொன்னதைப் படித்தவர்கள், எல்லாப் பிழையும் தெரிவிப்பவர் மீதுதானா என்று கேட்கலாம். இல்லை.

ஒழுங்காக எழுதிய அறிக்கைக்கும் ஆண்டுக்கணக்கில் பதில் வராமல் போவதுண்டு. 'என் கணினியில் சரியாகத்தான் இருக்கிறது' என்ற ஒரே வரியோடு மூடப்படுவதுண்டு. சில திட்டங்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு யாரும் எதுவும் எழுதாவிட்டால், ஒரு தானியங்கி நிரலே வந்து அறிக்கையை மூடிவிடும். வழு அப்படியே இருக்கும்; அதைப் பற்றிய பதிவு மட்டும் மறைந்துவிடும். ஃபெடோரா என்னும் லினக்ஸ் வெளியீட்டில் ஒவ்வொரு பதிப்பிற்கும் ஏறக்குறைய 13 மாதமே ஆதரவு. அதன்பின் அந்தப் பதிப்பின் பேரில் எஞ்சியிருக்கும் அறிக்கைகள் மொத்தமாக மூடப்படும். புதிய பதிப்பிலும் அதே வழு இருந்தால், தெரிவித்தவர்தான் சோதித்துப் பார்த்து மறுபடியும் சொல்ல வேண்டும்.

இந்த மனக்குறை புதியதன்று. நெட்ஸ்கேப் உலாவியை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜேமி ஸவின்ஸ்கி, 2003இலேயே இதைக் கண்டித்து எழுதினார். பழைய நிரலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவதும், பழைய வழுக்களைப் படித்துக்கூடப் பார்க்காமல் மூடுவதும் ஒரு பழக்கமாகிவிட்டது என்பது அவருடைய குற்றச்சாட்டு. நிரல் எழுதத் தெரிந்த ஒருவருக்கே இந்த நிலை என்றால், நம்மைப் போன்றவர்களின் மனநிலையைச் சொல்லவும் வேண்டுமா?

'மூல நிரல்தான் திறந்திருக்கிறதே, நீங்களே திருத்தி அனுப்புங்கள்' என்ற பதிலும் அடிக்கடி கிடைக்கும். சில நேரங்களில் அது உண்மையான அழைப்பு. பல நேரங்களில் வாயை அடைக்கும் உத்தி. கணினி அறிவியல் படிக்கும் மாணவனுக்கே பல இலட்சம் வரிகள் கொண்ட நிரலில் நுழைவது எளிதன்று. ஒரு தமிழாசிரியரிடமோ கணக்காளரிடமோ இப்படிச் சொல்வது, பந்தலில் மோர் கெட்டிருக்கிறது என்றவரிடம் மாடு வாங்கிக் கறந்துகொள்ளச் சொல்வதற்கு ஒப்பானது.

பராமரிப்பாளர் எல்லாவற்றையும் திருத்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவருக்கும் குடும்பம் உண்டு, தூக்கம் உண்டு. ஆனால், 'இது வழு என்று ஒப்புக்கொள்கிறோம், இப்போது செய்ய ஆளில்லை' என்று ஒரு வரி எழுதலாம். வேண்டுமென்றே அப்படி அமைத்திருந்தால், அதாவது அது வழுவமைதி என்றால், காரணத்தைச் சொல்லி மூடலாம். காரணத்தோடு 'முடியாது' என்று சொன்னால் மனிதர்கள் ஏற்றுக்கொள்வார்கள். காரணம் தெரியாமல் மூடப்பட்ட கதவுதான் மனத்தைப் புண்படுத்துகிறது. அப்படி ஒருமுறை புண்பட்டவர் அடுத்த வழுவைச் சொல்ல வருவதில்லை. அது மென்பொருளுக்கே இழப்பு.

அவசரப்படுத்தியதன் விலை

நயமாகப் பேசுவது வெறும் மரியாதைக்காக மட்டும்தானா? 2024இல் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் படித்த பிறகு நான் அப்படி நினைப்பதில்லை.

'எக்ஸ்இசட்' என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சிறு நிரல் தொகுப்பு. லினக்ஸ் இயங்கும் கணினிகளில் பரவலாக இருப்பது. அதைப் பல்லாண்டுகள் தனி ஒருவராகப் பராமரித்தவர் லாசே கொலின். 2022இல், வேலை மெதுவாக நடக்கிறது, புதிய பதிப்பு ஏன் இன்னும் வரவில்லை, வேறு ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள் என்று சில பெயர்களில் அவருக்கு நெருக்கடி கொடுக்கப்பட்டது. தமக்குள்ள சொந்தச் சிரமங்களையும், இது ஊதியமில்லாத பணி என்பதையும் அவர் எடுத்துச் சொன்னார். நெருக்கியவர்கள் விடவில்லை. அப்பெயர்கள் போலியானவை என்றே இன்று பரவலாகக் கருதப்படுகிறது. அதே காலத்தில் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக உதவி செய்து நம்பிக்கை பெற்று, இணைப் பராமரிப்பாளரானார். 2024 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் வெளிவந்த 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில், பிறர் கணினிக்குள் நுழைய ஒரு கள்ள வழி புகுத்தப்பட்டிருந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் பணிபுரியும் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட். அவர் பாதுகாப்பு வல்லுநராக அந்த வேலையில் இறங்கவில்லை. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளை உருவாக்குபவர்களுள் ஒருவர். தம் கணினியில் தொலைவிலிருந்து உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். நாமாக இருந்தால் இணையம் மெதுவாக இருக்கிறது என்று விட்டிருப்போம். அவர் அளந்தார், காரணத்தைத் தேடினார், எந்தப் பதிப்பில் எப்படி நிகழ்கிறது என்று 2024 மார்ச் 29ஆம் நாள் தெளிவாக எழுதி வெளியிட்டார். அந்தப் பதிப்புகள் உலகம் முழுவதும் பரவும் முன் தடுக்கப்பட்டன.

இந்த ஒரே நிகழ்ச்சியில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. சோர்ந்திருந்த ஒரு மனிதரைச் சொல்லால் நெருக்கியது கள்ளன் நுழையக் கதவைத் திறந்தது. கவனமாக எழுதப்பட்ட ஓர் அறிக்கை அந்தக் கதவை அடைத்தது. "உடனே சரிசெய்யுங்கள்" என்று நான் எழுதிய வரியை அதன்பின் படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது.

தமிழ் வழுவை யார் சொல்வது?

இனி என் வழுவிற்கு வருகிறேன். பினாங்கு அண்ணன் சொன்னபடி, பட்டியலில் இருந்த 'ஸ்ரீ'யையும் நான் தட்டிய 'ஸ்ரீ'யையும் தனித்தனி எழுத்தாகப் பிரித்துப் பார்த்தேன். திரையில் இரண்டும் ஒரே மாதிரி. உள்ளே வேறு. ஒன்று 'ஸ' எழுத்தில் தொடங்குகிறது. மற்றது 'ஶ' எழுத்தில் தொடங்குகிறது. பதிவுப் படிவத்தை அவரவர் தம் கைப்பேசியில் நிரப்பியிருந்தார்கள். நான் மடிக்கணினியில் தேடினேன். இரண்டு விசைப்பலகைகளும் இரண்டு விதமாக எழுதியிருக்கின்றன.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. யூனிகோடு தரத்தில் 'ஶ' என்ற எழுத்து 2005இல், 4.1ஆம் பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. அதுவரை எல்லாரும் 'ஸ'வைக் கொண்டே 'ஸ்ரீ' எழுதினார்கள். பிறகு 'ஶ'வே பொருத்தமானது என்றானது. பழைய கருவிகள் பழையபடியே எழுத, புதியவை புதியபடி எழுத, இன்று இரண்டும் புழக்கத்தில் உள்ளன. இரண்டையும் ஒன்றாகவே கருதுவது நல்லது என்று யூனிகோடு தரநூலே பரிந்துரைக்கிறது. நான் பயன்படுத்திய மென்பொருள் அவ்வாறு கருதவில்லை. வழு உண்மையானதுதான். ஆனால், "தமிழ் வேலை செய்யவில்லை" என்ற என் வாக்கியத்திலிருந்து இதை உலகில் எவராலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இங்கேதான் நம் பொறுப்பு வருகிறது. மென்பொருளை எழுதுபவர்களில் பெரும்பாலோர்க்குத் தமிழ் படிக்கத் தெரியாது. 'கொ' என்பதில் ஒற்றைக் கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் வர வேண்டும் என்பதை நாம் முதலாம் ஆண்டில் சிலேட்டிலும் ஏட்டிலும் எழுதிப் பழகினோம். அவர்களுக்கு அது ஒரு கோடுதான். கொம்பு இடம் மாறி விழுந்தாலும், புள்ளி விலகி நின்றாலும், அவர்கள் கண்ணுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். பல கண்கள் பார்த்தால் வழு மறையாது என்று திறமூல உலகில் ஒரு நம்பிக்கை உண்டு. தமிழ் வழுவைப் பொறுத்தவரை தமிழ் படிக்கும் கண்களை மட்டும்தான் கணக்கில் சேர்க்க முடியும்.

எங்குச் சொல்வது என்பதையும் அறிய வேண்டும். ஒரு தமிழ்ச் சொல் திரையில் தோன்றுவதற்கு விசைப்பலகை, எழுத்துரு, எழுத்துகளைச் சேர்த்து வரையும் நிரல், நாம் திறந்திருக்கும் மென்பொருள் என நான்கும் ஒத்துழைக்கின்றன. எழுத்துகளைச் சேர்த்து வரையும் 'ஹார்ஃப்பஸ்' என்ற திறமூல நிரலையே ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆஃபிஸ் எனப் பலவும் பயன்படுத்துகின்றன. வழு அதில் இருந்தால், அங்குச் சொல்லும் ஒரு நல்ல அறிக்கை இத்தனையிலும் தமிழைத் திருத்தும். வேறோர் எழுத்துருவிலும் வேறொரு மென்பொருளிலும் அதே சொல்லை இட்டுப் பார்த்தாலே வழு எந்த அடுக்கில் இருக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

நம்மில் பலர் சொல்லாமல் இருப்பதற்கு இன்னொரு காரணம் ஆங்கிலம். தமிழ்ப்பள்ளியில் படித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவன் நான். மலாய் சரளமாக வரும், தமிழ் வரும், ஆங்கிலத்தில் முன்பின் தெரியாதவர்க்கு எழுத வேண்டுமென்றால் கை தயங்கும். ஆனால், வழு அறிக்கைக்குக் கட்டுரைப் போட்டிக்கான ஆங்கிலம் தேவையில்லை. குறுகிய வாக்கியங்கள் போதும். சரியான வடிவமும் தவறான வடிவமும் அருகருகே உள்ள ஒரு ஸ்கிரீன்ஷாட், பத்து வாக்கியங்களைவிட மேல். அதைப் படிப்பவருள் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழியன்று. எது சரியான வடிவம் என்று உறுதியாகச் சொல்ல நாம் தமிழ்ப்பள்ளியில் கற்ற எழுத்தறிவு போதுமானது. அந்த அறிவு அங்கு வேறு யாரிடமும் இல்லாமல் இருக்கலாம்.

முடிவாக

இரண்டாம் முறை அறிக்கை எழுதினேன். பதிப்பு எண், இரண்டு வரிக் கோப்பு, செய்ய வேண்டிய மூன்று படிகள், யூனிகோடு பரிந்துரையைப் பற்றிய ஒரு வாக்கியம், ஒரு நன்றி. பழைய அறிக்கையில் கடுமையாக எழுதியதற்கு ஒரு வரியில் வருத்தமும் தெரிவித்தேன். மறுநாளே பதில் வந்தது. தெளிவாக எழுதியதற்கு நன்றி, இது வழுதான், தேடும் பகுதியைக் கவனிப்பவர் ஒருவரே, எப்போது முடியும் என்று சொல்ல இயலாது என்று எழுதியிருந்தார்கள்.

ஏழு மாதமாகிறது. இன்னும் திருத்தப்படவில்லை. ஒழுங்காகச் சொன்னால் உடனே நடந்துவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். சென்ற மாதம் புதிய பதிப்பு வந்தபோது மறுபடியும் சோதித்து, வழு இன்னும் இருக்கிறது என்று இரண்டு வரி மட்டும் சேர்த்தேன். இதற்கிடையில், இரண்டு வகை 'ஸ்ரீ'யையும் ஒன்றாக மாற்றிவிட்டுத் தேடும் முறையை எங்கள் செயலவைக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அந்தப் பதிவைப் பார்த்து வேறொரு நாட்டுத் தமிழர் ஒருவர் தமக்கும் இது நேர்ந்ததாகவும், காரணம் இப்போதுதான் புரிந்ததாகவும் எழுதியிருந்தார். திருத்தம் வரும் முன்பே ஒரு நல்ல வினா பயன் தந்துவிட்டது.

கழகத்திற்கு ஒரு வேண்டுகோள். நாம் ஆண்டுதோறும் பேச்சுப் போட்டியும் கவியரங்கமும் நடத்துகிறோம். அவற்றோடு, பருவத்திற்கு ஒருமுறை ஒரு மாலைப்பொழுதை வழு அறிக்கை எழுதுவதற்கு ஒதுக்கலாம். தமிழ்த்துறை மாணவர் எது பிழை என்று சொல்லட்டும். கணினித்துறை மாணவர் அது எந்த அடுக்கில் நிகழ்கிறது என்று தேடட்டும். ஆங்கிலம் நன்கு வருபவர் எழுதட்டும். துறையில் பணிபுரியும் முன்னாள் மாணவர்கள் அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். ஒரு மாலையில் ஐந்து அறிக்கைகள் போதும். கணினியில் தமிழ் சரியாக வரவில்லை என்று தேநீர்க் கடையில் குறைபட்டுக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

அந்த மூன்று சான்றிதழ்களையும் மறுவாரமே அச்சிட்டுக் கொடுத்துவிட்டோம். ஆனால், மேடையில் வாங்கியிருக்க வேண்டியதை அறை வாசலில் வாங்கிய அந்த மாணவியின் முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது. எங்கோ ஓர் எழுத்தில் இருந்த சிறு வழு, சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த ஒரு தாயின் மாலைப்பொழுதைக் கெடுத்தது. அவ்வழுவை எனக்கு முன்பே பலர் சந்தித்திருப்பார்கள். அவர்களுள் ஒருவராவது முறையாகச் சொல்லியிருந்தால், ஒருவேளை அது என் வரைக்கும் வந்திருக்காது.

வழுவைக் கண்டவர் சொல்ல வேண்டும். சொல்லும் முறை அறிந்து சொல்ல வேண்டும். கேட்பவரும் விடை சொல்லும் முறை அறிந்து சொல்ல வேண்டும். அதுவே நாம் கற்ற இலக்கணத்திற்கு நாம் செய்யும் மரியாதை.